பழைய கொரோலா ஏசி: கழட்டிப் போடச் சொல்றாங்க, என்ன செய்ய?

ரங்கூன் தக்கேட்டாவுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அப்பா வச்சிருந்த 1990 மாடல் டொயோட்டா கொரோலா எஸ்.இ. லிமிடெட் இப்ப அவர் கைல இருக்கு. போன ரெண்டு வெயில் காலமும் கேஸ் அடிச்சு ஓட்டினாராம், இந்த வருஷம் அடிச்ச கேஸ் மூணு வாரத்துல போயிடுச்சு. ஏசி போட்டுட்டு சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது. ஒரு ஒர்க்ஷாப்ல மொத்தமா கழட்டிடுங்க, இன்ஜின் லேசாகும், பெட்ரோல் மிச்சம்னு சொல்லியிருக்காங்க. இன்னொரு எடத்துல, கேஸை அழுத்தி சுத்த விடுற கம்பிரசர்ல இருந்து எல்லாத்தையும் மாத்தணும்னு பெரிய தொகை சொல்லியிருக்காங்க. மச்சான் கழட்டச் சொல்றாரு. அம்மாவுக்கு மூச்சிரைப்பு, வாரம் ஒருதடவை பெகுவுக்கு கடைச் சாமான் எடுக்கப் போகணும். "யார் பேச்சை கேக்குறதுன்னு புரியல அண்ணே, கழட்டினா உண்மையிலேயே பெட்ரோல் மிச்சமாகுமா?"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, இப்போதைக்கு ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க. உங்க லெட்டரை முழுசா படிச்சேன், கேஸ் எங்க வழியா போகுதுன்னு யாருமே இன்னும் தேடிப் பாக்கல. அதைப் பாக்காம கழட்டுன்னு சொல்றதும் தப்பு, எல்லாத்தையும் மாத்துன்னு சொல்றதும் தப்பு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ந்து போற சாமான் இல்ல, மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கிறது. பழைய வண்டில ரப்பர் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியும், அது சகஜம். ஆனா மூணு வாரத்துல காலின்னா எங்கயோ நல்ல ஓட்டை இருக்கு. பெரிய ஓட்டைய கண்டுபிடிக்கிறது சின்ன ஓட்டைய விட சுலபம், அதனால மனச விடாதீங்க.

முதல்ல பெட்ரோல் கதைய முடிச்சிடுறேன், ஏன்னா மச்சான் அதை வச்சுதான் பேசுறாருன்னு நெனைக்கிறேன். ஏசிய ஆஃப் பண்ணி வச்சா கம்பிரசர் கிளட்ச் விலகிடும், வெளிய இருக்கிற புல்லி மட்டும் பேரிங்ல சும்மா சுத்தும், உள்ள பிஸ்டன் அசையாது. அதுக்கு ஆகுற பெட்ரோல் கணக்குலயே வராது. எடைன்னு பாத்தா கம்பிரசர், ரேடியேட்டருக்கு முன்னாடி நின்னு கேஸோட சூட்டை வெளிய விடுற கண்டென்சர், குழாய் எல்லாம் சேத்து ஏறக்குறைய அரை மூட்டை அரிசி எடை, பின் சீட்டுல ஒரு சின்னப் பையன் ஏறி உக்காந்தாலும் அவ்வளவுதான். ஏசி ஓடும்போது பெட்ரோல் கூட இழுக்கும், அது உண்மை, 1500 சிசி இன்ஜின்ல ஏத்தத்துலயே தெரியும். ஆனா அதை மிச்சம் பிடிக்க ஸ்விட்ச்ச அமுக்கினா போதும், ஸ்பேனர் தேவையில்ல. பெட்ரோல் பங்க்ல க்யூ நின்னு அடிக்கிற நேரத்துல எல்லாருக்கும் இந்தக் கவலை வரும், எனக்கும் புரியுது, ஆனா கழட்டுறதுக்கு இது காரணமே இல்ல.

சிக்னல்ல முள்ளு ஏறுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் ஏசிய விட பெருசா படுது. நல்ல ரேடியேட்டரும் நல்ல ஃபேனும் இருந்தா ஏப்ரல் மாச வெயில்ல ஏசி போட்டு நின்னாலும் முள்ளு நடுவுலயே நிக்கணும். ஏறுதுன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கலாம், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மண்ணும் பூச்சியும் சேந்து காத்து போகாம இருக்கலாம், கண்டென்சர் ஃபேன் மோட்டார் மெதுவா சுத்தலாம், தெர்மோஸ்டாட்டா கூட இருக்கலாம். ஏசிய கழட்டினா முள்ளு இறங்கும், ஆமா, ஆனா நோய் அப்படியே உள்ள இருக்கும், பெகு ரோட்டுல லோடோட போறப்ப என்னைக்காவது இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போற நிலைமைக்கு கொண்டு போய் விடும். அதனால ஏசிய வச்சாலும் எடுத்தாலும் ரேடியேட்டர் வேலைய முதல்ல பண்ணிடுங்க. அதுவும் இல்லாம ஏசி கூலிங்கே கண்டென்சர் மேல போற காத்த நம்பித்தான் இருக்கு, ஃபேன் சரியா இல்லாத வண்டில புது கம்பிரசர் போட்டாலும் சிக்னல்ல சூடான காத்துதான் வரும்.

இப்ப கசிவு. கேஸோட சேந்து கம்பிரசர் ஆயிலும் வெளிய வரும், அதனால கசியுற எடத்துல எண்ணெய் பிசுக்கு இருக்கும், அதுல தூசி ஒட்டி கருப்பா தெரியும். டார்ச் எடுத்து நீங்களே பாருங்க: கம்பிரசர் முன்பக்கம் கிளட்ச் பக்கத்துல, குழாய் சேருற ஒவ்வொரு நட்டுலயும், கண்டென்சர் முன்னாடி கல்லு பட்ட எடம், ரப்பர் ஹோஸ் மடங்குற எடம். இதுல எங்கயும் இல்லன்னா டாஷ்போர்டுக்கு உள்ள இருக்கிற கூலிங் காயில் மேல சந்தேகம் வரும். ஒர்க்ஷாப்ல என்ன பண்ணணும்னா நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி போட்டு பாக்கணும், இல்ல புற ஊதா லைட்டுல மின்னுற சாயம் விட்டு சில நாள் ஓட்டிட்டு பாக்கணும். கூலிங் காயில்ல ஓட்டைன்னா ஏசித் தண்ணி சொட்டுற டியூப் வாயில அந்த சாயம் தெரியும். சில பேரு வேக்கம் பம்ப் போட்டு முள்ளு இறங்கலையே, கசிவு இல்லன்னு சொல்லி கேஸ் அடிச்சிடுவாங்க. வேக்கம்ல வெளிய இருந்து உள்ள அழுத்துறது 15 பி.எஸ்.ஐ (டயர் காத்துக்கு சொல்ற அதே பிரஷர் அளவு) கூட இல்ல, வண்டி ஓடும்போது உள்ள இருந்து வெளிய தள்ளுறது 200 பி.எஸ்.ஐக்கு மேல, அதனால வேக்கம் நின்னுச்சுங்கிறத வச்சு கசிவு இல்லன்னு முடிவு பண்ண முடியாது. ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லிடுறேன், நைட்ரஜன் இல்லன்னு வெல்டிங் பட்டறையில இருந்து ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து ஏத்தப் போனா உடனே தடுத்திடுங்க. எண்ணெய் இருக்கிற குழாய்க்குள்ள அழுத்தத்தோட ஆக்சிஜன் போனா வெடிக்கும், ஆள் செத்துப் போற விஷயம்.

கம்பிரசர் முன் சீல்ல கசிவுன்னா அது பெரும்பாலும் ஓட்டாம விட்டதால வர்றது. நம்ம ஊர்ல நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் யாரும் ஏசி போடுறதில்ல, அந்த மாசங்கள்ல சீல் எண்ணெய் இல்லாம காஞ்சு சுருங்கிடும், மார்ச் மாசம் ஸ்விட்ச் போட்டா கேஸ் போயிருக்கும். குளிர் காலத்துலயும் வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க, அவ்வளவு போதும்.

கசிவு எங்கன்னு தெரிஞ்சதும், அதை சரி பண்றதுக்கு முன்னாடி, உள்ள மிச்சம் இருக்கிற கேஸை மிஷின்ல இழுத்து எடுக்கச் சொல்லிட்டு, கம்பிரசர் வாய்ல இருக்கிற குழாயை கழட்டி உள்ள இருக்கிற எண்ணெய் என்ன நிறத்துல இருக்குன்னு கண்ணால பாருங்க. மத்தவங்க சொல்றதை வச்சு வேணாம், நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க, வெள்ளைத் துணியில தொட்டு பாருங்க. உங்க முழு முடிவும் இந்தத் துணியிலதான் இருக்கு. தெளிவா, இல்ல லேசா மஞ்சளா இருந்தா கம்பிரசர் உள்ள நல்லா இருக்கு, சீல், மூட்டுல போடுற ரப்பர் வளையமான ஓரிங், ஹோஸ், எது போச்சோ அதை மாத்தி, ஈரத்தை உறிஞ்சுற டிரையரை மாத்தி கேஸ் அடிச்சா இன்னும் பல வருஷம் ஓடும். பழைய நிப்பான்டென்சோ கம்பெனி கம்பிரசர் எல்லாம் லேசுல சாகாது, எண்ணெய் இருந்தா போதும். சாம்பல் நிறமா, கருப்பா, வெளிச்சத்துல மினுமினுன்னு அலுமினியத் தூள் தெரிஞ்சா கதை வேற. தூள் கம்பிரசரோட நிக்காது, கண்டென்சருக்குள்ள போய் உக்காந்திருக்கும், கூலிங் காயிலுக்கு கேஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வு வாயை அடைச்சிருக்கும். அந்த நிலைமையில கம்பிரசர் மட்டும் மாத்தினா புதுசையும் அதே தூள் தின்னுடும், அப்ப கம்பிரசர், கண்டென்சர், டிரையர், வால்வு எல்லாம் சேத்துத்தான் மாத்தணும், குழாய்களை கழுவணும். ரெண்டாவது ஒர்க்ஷாப்காரர் எல்லாம் மாத்தணும்னு சொன்னது இதைப் பாத்துட்டுதான்னா அவர் சொன்னது சரி. பாக்காம சொல்லியிருந்தா நான் அந்தக் காசை கொடுக்க மாட்டேன்.

கேஸ் விஷயத்துலயும் உங்க வண்டிக்கு ஒரு சிக்கல் இருக்கு. 1990 வண்டி கம்பெனில இருந்து ஆர்-12 கேஸோட வந்தது. ஓசோன் படலத்தை ஓட்டை போடுதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துல முடிவாகி, பர்மா மாதிரி வளரும் நாடுகள்லயும் 2010-லயே அதை நிறுத்தியாச்சு. அதனால உங்க வண்டிய நடுவுல யாரோ ஆர்-134ஏ-ங்கிற புது கேஸுக்கு மாத்தியிருப்பாங்க. சரியா மாத்தினாங்களான்னுதான் பாக்கணும். கேஸ் ஏத்துற வாய் மரை போட்டு திருகுற மாதிரியே இருந்தா அது பழைய ஆர்-12 வாய், கிளிக்னு அழுத்தி மாட்டுற மாதிரி இருந்தா அடாப்டர் போட்டிருக்காங்க. பழைய மினரல் ஆயில் புது கேஸோட கலக்காது, அது கம்பிரசருக்கு திரும்பி வராம எங்கயோ தேங்கிடும், கம்பிரசர் வறண்டு சாகும். அதனால பழைய ஆயிலை வடிச்சிட்டு புது கேஸோட கலக்குற எஸ்டர் ஆயில் விடணும், டிரையரை புது கேஸுக்கு ஒத்த வகையா மாத்தணும், கழட்டுற ஒவ்வொரு மூட்டுலயும் பச்சை ஓரிங் போடணும். கேஸும் பழைய அளவுக்கு அடிக்கக் கூடாது, ஆர்-12 அளவுல சுமார் 80, 85 சதவீதம் போதும். நெறைய அடிச்சா நல்லா கூலாகும்னு நெனைக்கிறது தப்பு, பிரஷர் ஏறி கூலிங் குறையும், முள்ளும் ஏறும். உங்க வண்டி முள்ளு ஏறுறதுக்கு அளவு பாக்காம அடிச்சதும் ஒரு காரணமா இருக்கலாம்.

கலப்பட கேஸ் பத்தியும் சொல்லியே ஆகணும். 2011-ல வியட்நாம்லயும் பிரேசில்லயும் கப்பல் குளிர் கன்டெய்னர் வெடிச்சு வேலை பாத்தவங்க செத்துப் போனாங்க, ஆர்-134ஏ-ன்னு பேர் போட்டு வந்த போலி கேஸ்ல மெத்தில் குளோரைடு கலந்திருந்துச்சு, அது அலுமினியத்தோட சேந்தா காத்து பட்டதும் தீப்பிடிக்கிற பொருளா மாறும். நம்ம வண்டில கம்பிரசர், கண்டென்சர் எல்லாமே அலுமினியம்தானே. ரங்கூன்லயும் சிலிண்டர் எங்கெங்கயோ சுத்தித்தான் வருது. எங்க பட்டறையில செய்யுற ஒரு சோதனை சொல்றேன், நீங்களும் கேளுங்க: சிலிண்டர் ராத்திரி பூரா நிழல்ல இருந்து, அறை வெப்பம் 30 டிகிரி இருக்கும்போது பிரஷர் கேஜ் மாட்டினா உண்மையான ஆர்-134ஏ ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ காட்டும். 140, 150 காட்டினா உள்ள சமையல் கேஸோ வீட்டு ஏசி கேஸோ கலந்திருக்கு, பக்கத்துலயே வராதீங்க. 97 காட்டினா முழுசா நம்பலாம்னும் இல்ல, தெரிஞ்ச கடையா இருக்கணும், ஆனா காட்டலன்னா கண்டிப்பா சந்தேகப்படணும். சில பேர் சமையல் கேஸையே வண்டிக்கு ஏத்துறாங்க, நல்லா கூலாகுதுன்னு பெருமையா வேற சொல்றாங்க. கூலாகும் தம்பி, ஆனா கூலிங் காயில் உங்க அம்மா கால்மாட்டுல இருக்கு, அங்க கசிஞ்சா மூடின வண்டிக்குள்ள ஒரு சிகரெட் லைட்டர் போதும். ஓட்டைய அடைக்கிற மருந்துன்னு டப்பாவுல விக்கிறதையும் உள்ள விடாதீங்க, உள்ள ஈரம் இருந்தா அங்கங்க கட்டியாகி வால்வை அடைக்கும், அப்புறம் நல்ல ஒர்க்ஷாப்காரர் தன்னோட கேஜை கூட மாட்ட மாட்டாரு.

கழட்டலாமா வேணாமான்னு எல்லாரும் வெயிலை நெனைச்சுத்தான் பேசுறாங்க. நான் மழையை நெனைச்சு முடிவு பண்ணச் சொல்வேன். 38, 39 டிகிரி வெயில் ரெண்டு மூணு மாசம், கண்ணாடியை இறக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து எப்படியாவது ஓட்டிடலாம், 2011-க்கு முன்னாடி ரங்கூன் டாக்சி முக்காவாசி ஏசி இல்லாமதான் ஓடுச்சு. திங்ஜான் தண்ணித் திருவிழா நாலு நாள் கண்ணாடியை இறக்க முடியாது, அன்னைக்கு வண்டிய வீட்டுல விட்டுடலாம். ஆனா மே நடுவுல இருந்து அக்டோபர் வரைக்கும் கொட்டுற மழைல கண்ணாடியை ஏத்தித்தான் ஆகணும், நாலு பேர் மூச்சு விட்டா உள்ள பூரா ஆவி படிஞ்சிடும். ஏசி குளிர வைக்கிறது ஒரு பக்கம், காத்துல இருக்கிற ஈரத்தை கூலிங் காயில்ல தண்ணியா வடிச்சு எடுக்கிறதுதான் மழைக்காலத்துல அதோட வேலை, ஒரு நிமிஷத்துல கண்ணாடி தெளிஞ்சிடும். இதுல நம்ம நாட்டுக்குன்னே ஒரு ஆபத்து வேற. 1970-ல ரோட்டுல வலது பக்கம்னு மாத்திட்டாங்க, ஆனா நம்ம பழைய வண்டி முக்காவாசி ஜப்பான்ல இருந்து வந்த வலது ஸ்டியரிங். டிரைவர் ஓரத்துல உக்காந்திருக்கோம், எதிர்ல வர்ற லாரிய இடது பக்க கண்ணாடி வழியா தலைய நீட்டித்தான் பாக்கணும். அந்த கண்ணாடி ஆவி படிஞ்சிருந்தா ஓவர்டேக் பண்ணவே கூடாது, ஆனா பெகு ரோட்டுல எல்லாரும் பண்றோம். துணி வச்சு தொடைச்சுக்கிட்டே ஒரு கைல ஓட்டுறவங்களை பாத்தா எனக்கு வயித்தை கலக்கும். கண்ணாடியை இறக்கினா ஓரத்துல தேங்கின தண்ணி நம்ம மேலதான் அடிக்கும், நாமதானே ஓரத்துல உக்காந்திருக்கோம். வாரா வாரம் பெகு போற ஆளு இந்த ஒரு காரணத்துக்காகவே ஏசிய காப்பாத்தணும்னு நான் நெனைக்கிறேன்.

அம்மாவுக்கு மூச்சிரைப்புன்னு எழுதினீங்க. அதுக்கும் கண்ணாடி மூடி ஓட்டுறதுதான் நல்லது, ரோட்டுத் தூசியும் டீசல் புகையும் குறையும். ஆனா இந்த மாடல் வண்டிகள்ல உள்ள காத்துக்கு ஃபில்டர் கிடையாது, பல வருஷத் தூசி கூலிங் காயில்லயே ஒட்டி, ஈரத்துல பூஞ்சை பிடிச்சிருக்கும், ஏசி போட்டதும் புளிச்ச வாடை வருதுன்னா அதுதான். அந்தக் காத்து அவங்களுக்கு ஆகாது. பிளோயர் பக்கம் திறந்து காயிலை நல்லா கழுவச் சொல்லுங்க, தண்ணி வடியுற டியூபை குத்தி விடச் சொல்லுங்க. வீடு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி ஏசிய ஆஃப் பண்ணி பிளோயர் மட்டும் ஓட விட்டா காயில் காஞ்சிடும், வாடை திரும்ப வராது.

எந்த நிலைமையில நானே கழட்டச் சொல்வேன்னு கேட்டா, எண்ணெய்ல அலுமினியத் தூளும் தெரிஞ்சு, கூலிங் காயில்லயும் ஓட்டை இருந்து, நீங்க ஒரு வருஷத்துல வண்டிய மாத்துற எண்ணத்துலயும் இருந்தா. அப்ப டாஷ்போர்டை பிரிக்கிற கூலியும் சாமான் விலையும் சேந்து வண்டி தாங்காது. அப்பக் கூட மொத்தமா கழட்ட வேணாம். இந்தப் பழைய இன்ஜின்கள்ல பெரும்பாலும் ஏசிக்குன்னு தனி பெல்ட் இருக்கும், பானட்டை திறந்து பாத்துக்கோங்க. அப்படி இருந்தா அந்த பெல்ட்டை மட்டும் எடுத்துட்டு, கிளட்ச் ஒயரை கழட்டி டேப் சுத்திட்டா வேலை முடிஞ்சது. பவர் ஸ்டியரிங்கோ ஆல்டர்னேட்டரோ அதே பெல்ட்டுல ஓடுதுன்னா மட்டும் அளவு பாத்து வேற பெல்ட் போடணும். கார்புரேட்டர் வண்டின்னா ஏசி போட்டதும் ஐட்லிங் ஏத்துற வேக்கம் டியூப் ஒண்ணு இருக்கும், அதை திறந்தபடி விட்டா இன்ஜின் தடுமாறும், மூடி வைக்கணும். கண்டென்சரை எடுக்கிறதா இருந்தா மிச்ச கேஸை மிஷின்ல இழுத்து எடுக்கச் சொல்லுங்க, காத்துல திறந்து விடக் கூடாது, திறந்த குழாய் வாய் ஒவ்வொண்ணையும் மூடி போட்டு அடைக்கணும். டாஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயிலை அப்படியே விட்டுடுங்க, அதை உருவினா காத்து போற பெட்டியில ஓட்டை விழுந்து பிளோயர் காத்தே கண்ணாடிக்கு சரியா வராது. கண்டென்சர் ஃபேனையும் தூக்கிடாதீங்க, சில வண்டில ரேடியேட்டருக்கும் அது ஒத்தாசை. ஹாக்சா எடுத்து குழாயை அறுக்க வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, நட்டு நகரலன்னா எண்ணெய் போட்டு ஊற விட்டு கழட்டட்டும். அறுத்த குழாய்க்கு மாத்துக் குழாய் இந்த மாடலுக்கு தேடினாலும் கிடைக்காது, நாளைக்கு வாங்க வர்றவங்களும் அறுத்ததைப் பாத்துட்டு விலைய இறக்கிடுவாங்க.

உங்க லெட்டர்ல இருக்கிறதை வச்சு பாத்தா, போன வருஷம் வரைக்கும் நல்லா கூலாகியிருக்கு, கம்பிரசர்ல சத்தம் எதுவும் நீங்க எழுதல, அதனால எண்ணெய் சுத்தமாத்தான் இருக்கும்னு எனக்கு தோணுது. சீலோ ஹோஸோ கண்டென்சரோ ஒண்ணுதான் போயிருக்கும். ஒர்க்ஷாப் போனதும் ரிப்பேர் பேச்சை எடுக்காதீங்க, "சயா (மாஸ்டர்), கசிவை மட்டும் தேடிக் கொடுங்க, அதுக்கு கூலி தர்றேன், மத்ததை அப்புறம் பேசலாம்"னு கேளுங்க. சாமான் விலை வாரத்துக்கு வாரம் மாறுது, அதனால எதை மாத்தணும்னு தெரிஞ்சதும் அன்னைக்கே விலை கேட்டு வாங்கிடுங்க, பழசைக் கைல வச்சிக்கிட்டே வாங்குங்க, போட்டோ காட்டி வாங்கினா அளவு மாறும். மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ரேடியேட்டர், அப்புறம் கசிவு, அப்புறம் கேஸ், இந்த வரிசையில முடிச்சிடுங்க. மழை வந்து ரோட்டுல முழங்கால் தண்ணி நிக்கிற எடத்துல இறங்குறதுக்கு முன்னாடி ஏசிய ஆஃப் பண்ணிடுங்க, தண்ணிக்குள்ள ஃபேன் சுத்தினா இறக்கை வளைஞ்சு, இப்ப செலவு பண்ணப் போற அதே ரேடியேட்டரைக் கிழிச்சிடும்.